அடுத்த ஞானப்பல்லுக்கு எந்த மயக்கம்?

போன பங்குனியில் இடது பக்கத்துக் கீழ் ஞானப்பல்லை எடுக்கப் போனேன். பல்லை அங்கேயே விட்டுவிட்டு, கோணிய வாயோடு வீட்டுக்கு வந்தேன். காரைக்குடியில் ஒரு பல் மருத்துவமனை, பேர் வேண்டாம். காலை பத்தரைக்கு மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் கீழுதடு மரக்க வேண்டும். மரக்கவில்லை. இடது கண் மட்டும் லேசாக எரிந்தது. "கண்ணை மூடுங்க" என்றார் டாக்டர். மூடினேன். "இன்னொரு கண்ணையும் மூடுங்க" என்றார். நான் இரண்டையும்தான் மூடியிருந்தேன்.

கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார். நெற்றியில் வலது பாதியில் மூன்று கோடு, இடது பாதி தேய்த்த வேட்டி மாதிரி வழவழ. சிரித்துப் பார்த்தேன், வாய் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. கொப்பளிக்கச் சொன்ன தண்ணீர் இடது ஓரமாக வழிந்து சட்டைப் பைக்குள் இறங்கியது. டாக்டர் பதறவில்லை. மருந்து கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது, இரண்டு மூன்று மணி நேரத்தில் சரியாகும், இன்றைக்குப் பல்லைத் தொட வேண்டாம் என்றார். கண்ணில் சொட்டு விட்டு, இமையைக் கையால் மூடி, மேலே பஞ்சுத்துணி வைத்து பிளாஸ்திரி ஒட்டினார். அவர் செய்தது எல்லாமே சரிதான் என்று பிற்பாடு தெரிந்தது. இப்படியும் ஆகலாம் என்று ஊசிக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தேன். அம்மா முகப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு கண்ணில் கட்டு, கோணிய வாய். "குன்றக்குடி முருகா, பிள்ளைக்கு வாதம் வந்துருச்சே" என்று எழுந்தவர் அக்கம்பக்கத்தைக் கூட்டிவிட்டார். 108-க்குப் போன் போடச் சொன்னார். இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, முழு வாக்கியமாக நாலு பேச்சுப் பேசிக் காட்டிய பிறகுதான் அடங்கினார். ஒன்றேகாலுக்குப் புருவம் அசைந்தது. இரண்டு மணிக்கு இமை மூடியது. இரண்டரைக்கு டீ சிந்தாமல் குடித்தேன். ஒரு வாரம் கழித்து அதே பல்லை, அதே டாக்டரிடம், ஒரு சிக்கலும் இல்லாமல் எடுத்துக்கொண்டேன்.

இப்போது வலது பக்கம் படுத்துகிறது. எக்ஸ்ரேயில் பல் சாய்ந்து, பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. எடுத்தே ஆக வேண்டும். எந்த மயக்கத்தில் என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கட்சி.

அம்மா கட்சி: மயக்க ஊசியால்தான் வாய் கோணியது, இனி ஊசியே வேண்டாம், கிராம்புத் தைலம் வைத்துத் தள்ளு. அத்தான் கட்சி: மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்து எடுத்துவிடு, தூங்கி எழுந்தால் பல் இருக்காது. பெங்களூரில் இருக்கும் தம்பி எங்கேயோ படித்துவிட்டு வந்து, "ஃபென்டனில் கிண்டனில்னு எதையாவது ஏத்திடப் போறாங்க, அதுல முகமே இறுகிப் போயிடுமாம்" என்றான். மூவர் சொன்னதிலும் கொஞ்சம் நிஜம் இருந்தது. ஆனால் ஒருவர் சொன்னதை வைத்தும் முடிவெடுக்க முடியாது. அதனால் நானே உட்கார்ந்து படித்தேன். மயக்கவியல் டாக்டர் ஒருவரிடமும், வாய் அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவரிடமும் கேட்டேன். அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் வாய் ஏன் கோணியது என்பது. முகத்தில் இரண்டு நரம்புக்கு வேலை. வலி, சூடு, தொடுகை எல்லாவற்றையும் மூளைக்குக் கொண்டுபோவது மூளை நரம்புகளில் ஐந்தாவது நரம்பு. புருவம் தூக்குவது, கண் மூடுவது, சிரிப்பது, விசில் அடிப்பது எல்லாம் ஏழாவது நரம்பின் கணக்கு. பல் டாக்டருக்கு வேண்டியது ஐந்தாவதின் ஒரு கிளை. அது கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில் ஒரு சின்னத் துவாரத்துக்குள் நுழைகிறது. அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் மருந்தை விட வேண்டும். ஊசி சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர் உள்ளே போனதும் நுனி எலும்பில் தட்டும். தட்டினால்தான் மருந்தை விட வேண்டும். தட்டவில்லை என்றால் ஊசி தாடை எலும்பின் பின்விளிம்பைத் தாண்டிப் போய், காதடியில் இருக்கும் பெரிய எச்சில் சுரப்பிக்குள் இறங்கியிருக்கும். பொன்னுக்குவீங்கி வந்தால் வீங்குமே, அந்த இடம். ஏழாவது நரம்பு ஐந்து கிளையாகப் பிரிவது சரியாக அந்தச் சுரப்பிக்குள்தான். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், நிற்க வேண்டிய ஆள் இரண்டாம் கட்டையும் தாண்டிப் பின்வாசலில் போய் நின்ற கதை. மருந்து நல்ல மருந்துதான். போய் நின்ற இடம்தான் தப்பு. என் உதடு மரக்காமல் கண் மட்டும் மூடாமல் போனதற்கு இதுதான் காரணம். போக வேண்டிய நரம்புக்கு மருந்து போகவில்லை, போகக் கூடாத நரம்புக்குப் போனது.

இப்படி உடனே வருகிற கோணல், மருந்தின் வீரியம் தணிந்ததும் தானாகப் போய்விடும், சில மணி நேரக் கணக்கு. அதுவரை கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இமை மூடாத கண் காய்ந்துவிடும், தூசி விழுந்தாலும் சிமிட்ட முடியாது. இன்னொரு வகை உண்டு, அது அரிது. பல் எடுத்த அன்று ஒன்றும் இருக்காது. அன்று இரவோ, ஓரிரு நாள் கழித்தோ வாய் கோணும். அது மருந்து தள்ளிப் போனதால் வருவது அல்ல, குணமாக வாரக்கணக்கோ மாதக்கணக்கோ ஆகலாம். அதற்கு டாக்டரை உடனே பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு கொடுப்பதாக இருந்தால் முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் பலன்.

அம்மா பயந்ததும் வெறும் பயம் இல்லை. வித்தியாசம் நெற்றியில் தெரியும். நரம்பு மரத்துப்போய்க் கோணினால் நெற்றியும் சேர்ந்து விழும், அந்தப் பக்கப் புருவத்தைத் தூக்க முடியாது. மூளையில் ரத்தம் தடைபட்டு வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும், வாய் மட்டும் இழுக்கும். கூடவே கை தொங்கும், பேச்சு குழறும். நாற்காலியில் உட்கார்ந்து ஊசி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் நெற்றியோடு சேர்ந்து கோணினால் ஒரு கதை. வீட்டில் சும்மா இருக்கும்போது கோணினால் நெற்றியெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-தான்.

சரி, ஓபியாய்டுக்கு வருவோம். தம்பி பயந்தது அதற்குத்தான்.

ஓபியாய்டு என்றால் அபினியிலிருந்து எடுத்த மருந்துகளும், அதே வேலையைச் செய்ய ஆய்வகத்தில் உண்டாக்கிய மருந்துகளும். மார்ஃபின், பெத்திடின், டிரமடால், ஃபென்டனில், ரெமிஃபென்டனில் எல்லாம் இந்தக் குடும்பம். ஃபென்டனிலை பெல்ஜியத்தில் பால் யான்சென் 1960 வாக்கில் உண்டாக்கினார். எடைக்கு எடை பார்த்தால் மார்ஃபினைவிட ஏறக்குறைய நூறு மடங்கு வீரியம். மார்ஃபினை மில்லிகிராமில் அளந்தால் இதை மைக்ரோகிராமில் அளப்பார்கள். ரத்தக்குழாயில் ஏற்றினால் ஓரிரு நிமிடத்தில் பிடிக்கும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிற்கும்.

இவற்றை மயக்க மருந்து என்றே எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் இவை வலி நிவாரணிகள். தூக்கம் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். மரத்துப்போகிற ஊசி நரம்பின் வழியையே அடைக்கிறது. நரம்பில் மின்துடிப்பு ஓடச் சோடியம் உள்ளே வர வேண்டும். ஊசியில் இருக்கும் லிக்னோகெய்ன் என்ற மருந்து அந்தச் சோடியக் கதவை மூடிவிடும், அது எந்த நரம்பானாலும் சரி. அதனால்தான் தப்பான இடத்தில் விட்டால் அசைக்கிற நரம்பும் படுத்துவிடுகிறது. ஓபியாய்டு அந்த வழிக்கே போகாது. மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தி வந்து சேரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, செய்தியின் உறைப்பைக் குறைக்கும். ஆகவே ஃபென்டனில் போட்டதால் முகத்தின் ஒரு பக்கம் விழுவது என்பது அந்த மருந்தின் சுபாவத்திலேயே இல்லை.

பின்னே தம்பி படித்தது என்ன? விறைப்பு. ஃபென்டனில் வகை மருந்துகளைக் கூடுதலாகவோ வேகமாகவோ ரத்தக்குழாயில் தள்ளினால் மார்புச் சுவர், வயிறு, தாடைத் தசைகள் மரக்கட்டை போல விறைத்துக்கொள்வது உண்டு. வாயைத் திறக்க முடியாது, மூச்சு கொடுக்கவும் கஷ்டம். மயக்கவியல் டாக்டர்கள் இதற்குத் தயாராகவே இருப்பார்கள், மெதுவாக ஏற்றுவார்கள். ஆனால் இது விறைப்பு. வாதத்துக்கு நேர் எதிர்த்திசை, இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும். மற்றபடி முகத்தில் ஓபியாய்டு காட்டுகிற குறும்பு இரண்டு: கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூக்கு நுனி அரிக்கும். ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஓபியாய்டில் பயப்பட வேண்டியது முகத்துக்கு அல்ல, மூச்சுக்கு. மூச்சு விடு என்று மூளை கொடுக்கிற உத்தரவையே அது மந்தமாக்கும். வலி தெரியாமல் படுத்திருப்பவர், மூச்சு குறைவதும் தெரியாமல் படுத்திருப்பார். தூக்க மருந்தான மிடாசோலத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். மாற்று மருந்து இருக்கிறது: ஓபியாய்டுக்கு நாலாக்சோன், மிடாசோலத்துக்கு ஃபுளூமசெனில். ஆனால் அவை அந்த அறையில் இருக்க வேண்டும், மூச்சைக் கவனிக்க அதற்கென்றே ஓர் ஆளும் இருக்க வேண்டும். பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண் மூச்சையும் சேர்த்துப் பார்க்காது.

இனி கையில் இருக்கும் வழிகள்.

வெறும் மரப்பு ஊசி. லிக்னோகெய்ன் 2 சதவீதம், கூடவே துளி அட்ரினலின். அட்ரினலின் அங்குள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் மருந்து சீக்கிரம் கலைந்து போகாது, ரத்தமும் குறையும். லிக்னோகெய்னை ஸ்வீடனில் 1943-ல் உண்டாக்கினார்கள். எண்பது வருஷமாக உலகம் முழுக்கப் பல் டாக்டர்கள் பழகிய மருந்து. அட்ரினலினோடு சேர்த்தால் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை எல்லை என்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். ஒரு பக்கத் தாடைக்குப் போடுவது ஏறக்குறைய 2 மில்லி, அதில் 40 மில்லிகிராம்தான். ஊசி குறி தவறி மறுபடி போட வேண்டி வந்தாலும் நிறைய இடம் இருக்கிறது. பட்டினி வேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். துணைக்கு ஆள் வேண்டாம், கண் மூடாமல் போனால் ஒழிய. செலவு இருப்பதிலேயே குறைவு. காரைக்குடியிலேயே முடியும். குறை என்ன? எல்லாம் தெரியும். வலி தெரியாது, ஆனால் எலும்பைக் கடையும் சத்தம், தாடையை அழுத்துவது, பல் 'நறுக்'கென்று பிளப்பது எல்லாம் காதுக்குள்ளேயே நடக்கும். பயந்த சுபாவக்காரருக்கு அதுவே தண்டனை.

சிரிப்பு வாயு. நைட்ரஸ் ஆக்சைடு, மூக்கில் ஒரு குப்பி மாதிரி மாட்டி ஆக்சிஜனோடு கலந்து கொடுப்பது. இது ஓபியாய்டு அல்ல. மிதப்பாக இருக்கும், நினைவு போகாது. முடிந்ததும் ஐந்து நிமிடம் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். இதற்கும் பல்லுக்கும் பழைய சொந்தம்: அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் 1844-ல் இதைத் தன் பல்லைப் பிடுங்கவே பயன்படுத்திப் பார்த்தார். மயக்க மருத்துவம் என்கிற துறைக்கே பல்வலிதான் தாய்வீடு என்று சொல்லலாம். நல்ல வழிதான், கருவி வைத்திருக்கிற இடம் கிடைத்தால்.

பாதி மயக்கம். ரத்தக்குழாயில் மிடாசோலம், கூடவே கொஞ்சம் ஃபென்டனில். கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள், பிறகு ஞாபகம் இருக்காது. வெளிநாட்டில் ஞானப்பல்லுக்கு இது சர்வசாதாரணம், சொந்தக்காரர்கள் அங்கிருந்து போன் போட்டு இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். நம் ஊர்ச் சின்ன மருத்துவமனைகளில் ஃபென்டனில் அலமாரியில் இருக்காது. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற மருந்து அது. 2014-ல் திருத்தம் கொண்டுவந்து மார்ஃபின், ஃபென்டனில் போன்ற சிலவற்றை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியாகப் பிரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு வழியை எளிதாக்கினார்கள். ஆனாலும் கணக்கு, பதிவேடு, பூட்டு எல்லாம் உண்டு. அதனால் இந்த வழி என்றால் மயக்கவியல் டாக்டர் வர வேண்டும், அல்லது நாம் பெரிய இடத்துக்குப் போக வேண்டும். முந்தைய ஆறு மணி நேரம் திட உணவு கூடாது, தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. கூட ஓர் ஆள் கட்டாயம். அன்றைக்கு வண்டி ஓட்டவும் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் கூடாது.

முழு மயக்கம். அத்தான் சொன்னது. ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., பட்டினி, மூக்கு வழியாகக் குழாய், பிறகு கண்விழிக்கும் அறை. இதில் ஓபியாய்டும் உண்டு, தூக்க மருந்தும் உண்டு, இன்னொரு ஜாதி மருந்தும் உண்டு: தசை தளர்த்தி. முகத்தை நிஜமாகவே அசையாமல் செய்வது இதுதான். நரம்பின் நுனியும் தசையும் சந்திக்கும் இடத்தில் செய்தியை மறித்துவிடும். முகம் மட்டுமல்ல, கை, கால், மூச்சுத் தசை எல்லாமே அந்த நேரத்துக்கு ஓய்வு. அதனால்தான் இயந்திரம் மூச்சு விடுகிறது, அதனால்தான் இமைகளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைக்கிறார்கள். எனக்கு ஒட்டியதைப் போலவே, ஆனால் இரண்டு கண்ணுக்கும். முடிவில் மாற்று மருந்து கொடுத்து, தசை திரும்பியதா என்று பார்ப்பார்கள். நெற்றி, புருவத் தசைகள் கட்டைவிரல் தசையைவிடச் சீக்கிரம் திரும்பிவிடும் என்பதால், புருவம் அசைகிறதே என்று ஏமாந்துவிடாமல் கட்டைவிரலைத்தான் நம்புவார்களாம். இதைக் கேட்டபோது பட்டாலையில் உட்கார்ந்து என் புருவத்துக்காகக் காத்திருந்த அந்த மூன்று மணி நேரம் ஞாபகம் வந்தது.

இப்போது என் முடிவைத் திருப்பிப்போட்ட விஷயம். பாதி மயக்கத்திலும் மரப்பு ஊசியைப் போடுகிறார்கள். ஃபென்டனிலும் மிடாசோலமும் பயத்தைக் குறைக்கும், எலும்பைக் கடைகிற வலியை முழுக்க நிறுத்தாது. தாடையை மரக்க வைக்க அதே ஊசி, அதே இடத்தில், அதே ஆழத்தில். முழு மயக்கத்திலும்கூட ரத்தம் குறையவும், விழித்ததும் வலி தெரியாமல் இருக்கவும் பல டாக்டர்கள் அதைப் போடுவார்கள். ஆக, வாய் கோணுமோ என்ற ஒரே பயத்துக்காக மயக்கத்தை ஒரு படி உயர்த்தினால் அந்தப் பயம் குறைவதே இல்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும், மேலே மூச்சுப் பயம் ஒன்று சேரும். அரிதாக, முழு மயக்கத்தில் முகமூடியை அழுத்திப் பிடித்ததாலோ தாடையைத் தூக்கிப் பிடித்ததாலோ முக நரம்பு நசுங்கி உதடு சில நாள் கோணியிருந்ததாகக்கூட மருத்துவக் குறிப்புகள் உண்டு. அத்தானிடம் சொன்னேன். "அப்ப எதுக்குத்தான் முழு மயக்கம்?" என்றார். அதற்கும் ஆள் இருக்கிறது, சொல்கிறேன்.

இடையில் ஒன்று. முகத்தை வேண்டுமென்றே விழ வைத்த காலமும் இருந்தது. எங்கள் அப்பத்தாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது, காதுக்கு முன்னால் ஓர் ஊசி, கண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஊசி என்று சொல்லிக்கொண்டே இருப்பார். காதுக்கு முன்னால் போட்டது ஏழாவது நரம்புக்கு. ஆபரேஷன் நடுவே கண்ணை இறுக்கி மூடிவிட்டால் கண்ணுக்குள் இருப்பதெல்லாம் வெளியே பிதுங்கும் என்பதால், இமையை மூடவே முடியாதபடி முகத்தைத் தற்காலிகமாகப் படுக்க வைத்தார்கள். "அன்னைக்கிப் பூரா எனக்குச் சோறு ஒரு பக்கமாவே ஒழுகுச்சு" என்பார். இப்போது சின்னத் துளை வழியாகப் புரையை எடுப்பதால், பல பேருக்குச் சொட்டு மருந்தே போதும், அந்த ஊசிக்கு வேலை இல்லை. எனக்குத் தவறி நடந்தது அப்பத்தாவுக்குத் திட்டமிட்டு நடந்தது, இருவருக்கும் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட்டது. அம்மாவிடம் இதைச் சொன்னதுதான் எந்த விளக்கத்தையும்விட வேலை செய்தது.

காது பக்கத்துச் சுரப்பியில் கட்டி வந்து எடுக்கிறவர்கள் கதை இன்னும் வேறு. அங்கே டாக்டர் ஏழாவது நரம்பைத் தேடித் தேடிக் காப்பாற்றியபடி அறுக்க வேண்டும். நரம்பைத் தூண்டி முகம் துடிக்கிறதா என்று பார்க்கத் தசை தளர்த்தி இருக்கக் கூடாது. ஆனால் ஆள் அசையவும் கூடாது. அங்கேதான் ரெமிஃபென்டனில் மாதிரி ஓபியாய்டு கைகொடுக்கிறது: ஓட விட்டால் ஆள் அசையாமல் இருப்பார், நிறுத்தினால் சில நிமிடத்தில் கலைந்துவிடும், முக நரம்பையும் தொடாது. முகத்தை இறுக்கிவிடும் என்று தம்பி பயந்த மருந்துக் குடும்பத்தை, முகத்தைக் காப்பாற்றவே பயன்படுத்துகிறார்கள்.

இனி யாருக்கு எது. எங்கள் வீட்டிலேயே மூன்று பேருக்கு மூன்று பதில்.

அம்மாவுக்கு 68. ரத்த அழுத்தம், பருமன், ராத்திரி குறட்டை. குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வரும். அவருக்கு மேல் கடவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. ஓபியாய்டும் மிடாசோலமும் கொடுத்து நாற்காலியில் சாய்த்துப்போட வேண்டிய கடைசி ஆள் அம்மாதான். மேல் பல்லுக்கு ஊசியும் வேறு இடம், பல்லுக்கு நேர் மேலேயே ஈறில் போடுவது. ஏழாவது நரம்பு பக்கமே போகாது. அளவாக மரப்பு ஊசி, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு. அதோடு சரி.

அக்கா மகளுக்கு 22. நாலு ஞானப்பல்லும் எலும்புக்குள் புதைந்திருக்கின்றன, கீழே இரண்டும் நரம்பை ஒட்டி. ஊசி என்றாலே மயங்கி விழுகிற பெண். நாலையும் ஒரே தடவை எடுக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அவளுக்கு அத்தான் சொன்னதுதான் சரி: ஆஸ்பத்திரி, முழு மயக்கம், ஒரே நாள் வேலை. வயது சின்னது, வேறு நோய் இல்லை. அத்தானுக்கு முகமெல்லாம் பெருமை.

எனக்கு? 44 வயது, சாய்ந்த பல் ஒன்று, பயம் உண்டு ஆனால் தாங்குகிற அளவு. மரப்பு ஊசிதான். ஆனால் போன தடவை மாதிரி வாயைத் திறந்து கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கப்போவதில்லை. வாய் அறுவை சிகிச்சை டாக்டரிடம் பழைய கதையைச் சொன்னேன். அவர் மாக்கட்டியில் செய்த தாடை மாதிரி ஒன்றை எடுத்து, ஊசி எங்கே நுழையும், எந்த இடத்தில் எலும்பில் தட்டும், என் தாடை எலும்பு எக்ஸ்ரேயில் எவ்வளவு அகலம் என்று காட்டினார். வாயை மூடியபடி போடுகிற அகினோசி முறை என்று ஒன்று உண்டாம். அதில் எலும்பு தட்டுகிற அடையாளமே கிடையாது, ஆகவே எனக்கு வேண்டாம் என்றார். காவ்-கேட்ஸ் என்ற இன்னொரு முறையில் இன்னும் மேலே, தாடை மூட்டின் கழுத்தில் எலும்பைத் தொட்டுவிட்டுத்தான் விடுவார்கள், முதல் ஊசி சரிப்படாவிட்டால் அது. எலும்பு தட்டவில்லை என்றால் மருந்தை விடாமல் வெளியே இழுத்து மறுபடி குறி பார்ப்பேன், மெதுவாகத்தான் விடுவேன் என்றார். எனக்கு வேண்டிய பதில் இதுதான். ஆர்ட்டிகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தைப் பல்லைச் சுற்றி மட்டும் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். இப்படிப் புதைந்த பல்லுக்கு அது மட்டும் போதாது என்று சொல்லிவிட்டார்.

இதே கேள்விகளை நீங்களும் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடமாக இருந்தால், புதுக்கோட்டையில் 2023 முதல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்வந்துவிடலாம். பாதி மயக்கம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டியது வேறு: மயக்கம் கொடுக்கப் பல் எடுப்பவரைத் தவிர தனி ஆள் உண்டா, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி ஆபரேஷன் முழுக்க ஓடுமா, ஆக்சிஜன் சிலிண்டர் அறைக்குள் இருக்கிறதா, நாலாக்சோன் இருக்கிறதா. நாலில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அங்கே அந்த மயக்கம் வேண்டாம். குறட்டை, தூக்க மாத்திரை, குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஓபியாய்டோடு இந்த மூன்றும் ஒத்துப்போகாது.

பல் எடுத்த பிறகு வருகிற வலிக்காகவும் ஓபியாய்டு கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே ஞானப்பல் வலியை நன்றாகத் தாங்கும், வயிறும் சிறுநீரகமும் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஓடுவதால் ஐபுபுரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் போதும் என்றார் டாக்டர். டிரமடாலைச் சில இடங்களில் கைவழக்கமாக எழுதிவிடுகிறார்கள். அதுவும் ஓபியாய்டுதான், 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. குமட்டலும் தலைசுற்றலும் போனஸ். போன தடவை எனக்கும் எழுதியிருந்தார்கள், பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. இந்த வாரம்தான் கண்ணில் பட்டது, நசுக்கிக் குப்பையில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை எடுக்கப்போவதில்லை, ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது. கண் சொட்டு மருந்தும் பிளாஸ்திரியும் பையில் இருக்கின்றன. அம்மா தானும் கூட வருவேன் என்கிறார். முறுக்கு, சீடை டப்பாக்களை இப்போதே மேல் பரணுக்கு ஏற்றிவிட்டார், ஒரு வாரத்துக்கு என் கண்ணில் படக் கூடாதாம்.